‘இது எங்கட கல்லா, அவங்கட கல்லா?’ – கூரகல நமக்குச் சொல்லித்தரும் பாடம்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், இடைவேளை நேரத்தில் மாணவன் ஒருவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அவன் வீடு இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றை ஒட்டியிருக்கிறது. தோட்டத்து வீதியில் மதகு ஒன்றைத் திருத்துவதற்காகத் தோண்டியபோது ஒரு கல் வெளியே வந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் பூவிதழ் போன்ற செதுக்கல். மறுபக்கம் மண் அப்பிக் கிடந்தது.

"சேர், இது எங்கட கல்லா, அவங்கட கல்லா?" என்று கேட்டான். அடுத்து மெதுவாகச் சொன்னான்: "வாப்பா யாருக்கும் காட்ட வேணாம் எண்டார். திரும்பப் புதைச்சிட்டா பிரச்சினை இல்லையாம்."

அந்தத் தந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்துக்கு உறுதி இல்லாத, தலைமுறைகளாகத் தோட்ட ஓரத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்குச் செதுக்கிய கல் என்பது வரலாறு அல்ல, வில்லங்கம். கல் வந்தால் திணைக்களம் வரும், திணைக்களம் வந்தால் பலகை வரும், பலகை வந்தால் வேறு சிலரும் வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் அனுபவம் அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கணக்கு நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

கூரகலயில் உண்மையில் என்ன இருக்கிறது?

சப்ரகமுவையில் கல்லைப் பற்றிப் பேசினால் கூரகலயைத் தவிர்க்க முடியாது. பலாங்கொடையிலிருந்து கல்தொட்டை செல்லும் வழியில், மலைச்சரிவின் விளிம்பில் இருக்கும் இந்தப் பாறைத்தொகுதியை நாம் தப்தர் ஜெய்லானி என்கிறோம். முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பாவா ஆதம் மலைக்குச் சென்ற பயணத்தில் இங்கே தங்கி வணக்கத்தில் ஈடுபட்டார்கள் என்பது நம் மூத்தோர் சொல்லிவந்த செய்தி. 1922இல் இங்கே பள்ளிவாசல் கட்டப்பட்டது. ரபீஉல் ஆகிர் மாதக் கொடியேற்றத்துக்கும் கந்தூரிக்கும் நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தார்கள். பலாங்கொடையின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த மர்ஹூம் எம்.எல்.எம். அபூசாலி 2002இல் இந்த இடம் பற்றி ஒரு நூலே எழுதினார். ஹிஜ்ரி 715 என்று வாசிக்கப்பட்ட, தர்வேஷ் முஹியித்தீன் என்ற பெயர் கொண்ட கல்லறைக் கல்லும் அங்கே கிடைத்த அரபு எழுத்துகளும் அவர் முன்வைத்த சான்றுகளில் முக்கியமானவை.

அதே பாறையில் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளின் பிராமி எழுத்தும் இருக்கிறது. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாமலிருக்கச் செதுக்கிய விளிம்பு இருக்கிறது. பௌத்த துறவிகள் வாழ்ந்த குகைகளுக்கு இந்த நாடெங்கும் காணப்படும் அடையாளம் இது. அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஆதி மனிதரின் தடயங்களும் இப்பகுதியில் உண்டு. ‘பலாங்கொடை மனிதன்’ என்று பாடநூல்கள் சொல்வது இவர்களைத்தான்.

ஆக, கூரகல அடுக்கடுக்கான இடம். வேட்டையாடிய மனிதன், குகையில் தவமிருந்த பிக்கு, பயணத்தில் தங்கிய தர்வேஷ், கொடியேற்ற வந்த நம் பாட்டன்மார் என எல்லோரும் அந்தப் பாறையில் ஒதுங்கியிருக்கிறார்கள். எந்த அடுக்கும் பொய்யல்ல. ஓர் அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுரண்டி எறிய முற்பட்டபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

பிறகு நடந்தவை நமக்குத் தெரியும். 1970களின் தொடக்கத்தில் இடம் தொல்பொருள் பாதுகாப்பின் கீழ் வந்தது. 2013இல் பொது பல சேனாவின் எதிர்ப்பைத் தொடர்ந்து அங்கிருந்த கடைகளும் சில கட்டடங்களும் அகற்றப்பட்டன. 2022ஆம் ஆண்டின் அரச வெசாக் விழாவுக்கு அதே இடம் தெரிவு செய்யப்பட்டது. 2016இல் கூரகல பள்ளிவாசல் தொடர்பாகத் தெரிவித்த கருத்துகளுக்காகக் கலகொட அத்தே ஞானசார தேரருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2024 மார்ச் 28 அன்று நான்கு ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் மேன்முறையீட்டில் அவருக்குப் பிணை கிடைத்தது. வெறுப்புப் பேச்சை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அங்கிருக்கும் கற்கள் என்ன சொல்கின்றன என்பதை வாசிக்க நீதிமன்றம் போதாது. அதற்குப் படித்தவர்கள் வேண்டும், அவர்களில் நம்மவர்களும் இருக்க வேண்டும்.

கல்லுக்கும் ஸனது உண்டு

ஒரு ஹதீஸ் வந்தால் நம் உலமாக்கள் முதலில் மத்னைப் பார்த்து மயங்குவதில்லை, ஸனதைக் கேட்பார்கள். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இடையில் தொடர் அறுந்திருக்கிறதா என்று விசாரித்த பின்புதான் ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரிப்பார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுங்கள் என்ற ஸூரா அல் ஹுஜுராத்தின் கட்டளையிலிருந்து வளர்ந்த ஒழுக்கம் அது.

கல்லுக்கும் இதே விதிதான். கல்லின் ஸனது என்பது அது கிடந்த இடம். எந்த ஆழத்தில், எந்தத் திசை பார்த்து, எதனோடு சேர்ந்து கிடந்தது என்பவை தெரிந்தால் அந்தக் கல் பேசும். அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது ஸனது அறுந்த செய்தி. செதுக்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் சான்றாக வைப்பது கடினம்.

இதை நம் தரப்புக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஜீலானி (ரஹ்) அவர்கள் கூரகலவுக்கு வந்தார்கள் என்பது செவிவழி வந்த செய்தி. ஹிஜ்ரி 715 கல்லறை வேறு வகைச் சான்று. முதலாவதை நாம் மதிக்கிறோம், நேசிக்கிறோம். இரண்டாவதை நாட்டின் எந்தச் சபையிலும் எடுத்து வைக்கலாம். இரண்டையும் கலந்து ஒரே குரலில் பேசும்போது, எதிரே இருப்பவர் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பலமானதையும் தள்ளிவிடுகிறார். தொலைக்காட்சி விவாதங்களில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டோம்.

இடம் மாறிய மூன்று கற்கள்

காலியில் 1911இல் மதகொன்றை மூடக் கவிழ்த்துப் போட்டிருந்த பெரிய கற்பலகை ஒன்றைப் பொறியியலாளர் ஒருவர் கவனித்தார். திருப்பிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளில் எழுத்து. சீனப் பேரரசின் முஸ்லிம் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரவில் இருந்த தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபைச் சார்ந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரியான காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. மூன்றிலும் அதிகம் தேய்ந்துபோனது பாரசீகப் பகுதி. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதகு திருத்தியவர் எழுத்தைக் கவனிக்காமல் கல்லை உடைத்திருந்தால், இந்த நாட்டில் மூன்று மரபுகளும் ஒரே கல்லில் மதிக்கப்பட்டதற்கான சான்று சல்லியாகப் போயிருக்கும்.

இரண்டாவது, கொழும்பின் பழைய முஸ்லிம் மையவாடி ஒன்றைச் சேர்ந்த கூபி எழுத்துக் கல்லறைக் கல். ஹிஜ்ரி 337இல், அதாவது கி.பி. 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மரணித்த காலித் இப்னு அபூ பகாயா என்பவருடையது. பிரித்தானியர் காலத்துப் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதன் எழுத்தைப் பிரதியெடுத்து அனுப்பினார். 1827இல் இலண்டன் ரோயல் ஆசியக் கழகம் அதை வெளியிட்டது. நாம் இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறோம் என்று மேடையில் சொல்லும்போது நமக்குப் பின்னால் நிற்பது, அன்று ஒருவர் பொறுமையாக எடுத்துவைத்த அந்தப் பிரதி.

மூன்றாவது நம் இரத்தினபுரியிலேயே இருக்கிறது. மகா சமன் தேவாலயத்தில், கவசம் அணிந்த போர்த்துக்கேய வீரன் ஒருவன் சிங்கள வீரனைக் காலடியில் வீழ்த்தும் காட்சி செதுக்கிய கல் ஒன்று உண்டு. குருவிட்ட ராலவைக் கொன்ற சிமாவோ பின்ஹாவோ என்று அதை இனங்காண்கிறார்கள். போர்த்துக்கேயர் அந்த இடத்தைக் கைப்பற்றி வைத்திருந்த காலத்தின் எச்சம் அது. தம்மவரை இழிவுபடுத்தும் கல் என்று தேவாலயத்தார் அதை உடைத்தெறியவில்லை. அந்தக் கல் அங்கே இருப்பதால் தேவாலயம் கிறிஸ்தவருக்குச் சொந்தமாகிவிடவும் இல்லை. ஒருவர் ஓரிடத்தில் இருந்தார் என்பதைக் கல் சொல்லும். இன்று அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று சொல்வது கல்லின் வேலை அல்ல. கூரகலவுக்கும் இந்த அளவுகோல் போதும்.

கண்ணில் பட்ட கல்லை எப்படிப் பார்ப்பது?

நான் தொல்லியலாளன் அல்லன். ஆனால் ஓர் ஆசிரியரும் மாணவரும் பார்த்தறியக்கூடிய சில அடிப்படைகள் இருக்கின்றன.

முதலில் கல்லின் இனம். நம் மலைப்பகுதியில் இயல்பாகக் கிடைப்பது வரிவரியான கருங்கல். தாழ்ந்த பகுதிகளில் செங்கபுக் கல். முருகைக்கல் இங்கே கிடைத்தால் அது கரையோரத்திலிருந்து யாரோ சுமந்து வந்தது.

இரண்டாவது, பிளந்த அடையாளம். பழங்காலத்தில் பாறையைப் பிளக்க வரிசையாகச் சதுர வடிவில் சிறு குழிகள் வெட்டி ஆப்பு அடித்தார்கள். கல்லின் ஓரத்தில் பல் போன்ற சதுரத் தடங்கள் தெரியும். தோட்டங்களும் வீதிகளும் அமைத்த காலத்தில் உளிக்கம்பியால் உருண்டைத் துளை போட்டு வெடிமருந்து வைத்தார்கள். அந்தக் கல்லில் பாதிக் குழாய் போன்ற நீண்ட தடம் இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, வேலைப்பாடு. அரைவட்டச் சந்திரவட்டக்கல், படிக்கட்டின் இருபுறக் காவற்கல், பூரணகும்பம் செதுக்கிய தூண், சிலையின் அடியில் வைக்கும் பல குழிகள் கொண்ட சதுரக்கல் ஆகியவை பௌத்த கட்டடங்களில் வருபவை. கோமுகியும் ஆவுடையும் சைவக் கோயிலுக்குரியவை. நம்முடைய மீஸான் கற்களில் உருவம் இராது. பெரும்பாலும் எழுத்தும் கொடியும் இருக்கும். பழைய கூபி எழுத்து கோணல் கோணலாக, பெரும்பாலும் புள்ளிகள் இல்லாமல் இருக்கும். அதை வெறும் கோலம் என்று நினைத்துத் தாண்டிப் போவது எளிது. தாமரை இதழைக் கண்டவுடன் பௌத்தம் என்று முடிவு கட்டவும் கூடாது. பூவை எல்லாரும் செதுக்கினார்கள். ஒரே கல்தச்சன் மூன்று சமயத்தாருக்கும் வேலை செய்திருப்பான்.

நான்காவது, அன்றாடப் பொருள்கள். அம்மி, ஆட்டுக்கல், உரல், கதவுக்குடுமி சுழன்ற குழி, எல்லைக்கல், மைல்கல் என நாம் ‘மர்மக் கல்’ என்று பரப்பும் படங்களில் பல இவைதான்.

பார்த்தபின் செய்ய வேண்டியவை: கல்லை நகர்த்தாதீர்கள். அளவு தெரிய ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பல கோணத்தில் படமெடுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தும் எழுந்து தெரியும். சுண்ணக்கட்டி பூசாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், கம்பித்தூரிகையால் தேய்க்காதீர்கள். இடம், திகதி, கண்டவர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முகநூலில் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்த நாள் அது. அதற்கு முந்தியது தொல்பொருள். நிலத்தில் புதைந்திருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், கண்டவர் உடனே அறிவிக்க வேண்டும். அனுமதியின்றித் தோண்டுவதும் விற்பதும் மறைப்பதும் குற்றம். ஆனால் உடைந்த கல்லொன்று கிடைத்த காரணத்தால் மட்டும் ஒரு காணி தொல்பொருள் ஒதுக்கமாகிவிடாது. அதற்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். ஆகவே சட்டத்தின்படி நமக்கு ஆபத்து, அறிவிப்பதைவிட மறைப்பதில்தான் அதிகம். அறிவித்தால் எழுத்தில் அறிவித்து, பிரதியில் ஒப்பம் வாங்கி வையுங்கள். நாளை யார் என்ன சொன்னாலும் முதலில் சொன்னவர் நீங்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

திணைக்களத்தின் மீது நம்பிக்கை குறைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அந்த மாகாணத்துக்கான செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்தக் காயத்தை வெறும் அறிவுரையால் ஆற்ற முடியாது. அதற்காக அந்தத் துறையையே நாம் கைவிட்டால் அடுத்த செயலணியில் அமரத் தகுதியான நம்மவர் யாரும் இருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்தில் தொல்லியலைத் தெரிவு செய்கிறார்கள்? பழைய அரபு எழுத்தையும் பழைய சிங்கள எழுத்தையும் சேர்த்து வாசிக்கக்கூடிய ஒருவரை நம் மத்ரஸாக்களும் பாடசாலைகளும் உருவாக்கியிருக்கின்றனவா?

தோட்டங்களுக்கு இந்த 1815 எல்லை இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. கோப்பித் தோட்டங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். ஆகவே தோட்டத்து லயன்கள், பழைய கோயில்கள், சிறு பள்ளிவாசல்கள், காலராவில் இறந்தோரின் புதைகுழிகள் எவையும் தாமாகத் தொல்பொருளாகிவிடாது. தனியாக அறிவிக்கப்பட்டால்தான் பாதுகாப்பு. இந்த மலைகளைத் திருத்திய தமிழரின், முஸ்லிம்களின் கல் யாரும் கேட்காமல் போகக்கூடியது. அதைப் பதிய வேண்டியவர்கள் நாம்.

நம் பக்கத்துக் கணக்கு

நாமும் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. 2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது கைதானவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். 2019 ஜனவரியில் ஹொரவபொத்தானை கிரலாகல தூபியின் மீது ஏறி எடுத்த படங்களுக்காகத் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர் கைதாகி, பின்னர் அபராதம் செலுத்தினார்கள். முதலாவது தெளிவான அநியாயம். இரண்டாவதில், தாம் நிற்பது எதன்மேல் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அந்த அறியாமைக்கு ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.

இன்னொன்று கசப்பானது. நம் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களை இடித்தது பெரும்பாலும் நாமேதான். புதிய தளஓடும் பளிங்கும் வந்தபோது பழைய மிஃராபின் செதுக்கல், மரத்தூண், ஹவ்ழின் கல், ஆண்டு பொறித்த நிலைக்கல் எல்லாம் லொறியில் ஏறின. ஒரு பள்ளியின் அடிப்படிக்கட்டில் மீஸான் கல் ஒன்று கவிழ்ந்து கிடப்பதை நானே கண்டிருக்கிறேன். ஒரு மையித்தின் பெயரை மிதித்துக்கொண்டு நாம் தொழப் போகிறோம். ஸியாரத்தைப் பற்றி நமக்குள் இருக்கும் மார்க்கக் கருத்து வேறுபாட்டை நான் இங்கே கிளறவில்லை. கபுரை உயர்த்தக் கூடாது என்பவரும் கபுரின் எழுத்தைப் படமெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாமே!

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நம்பிக்கையாளர் சபையும் இந்த ஆண்டு தன் பள்ளிவாசலிலும் மையவாடியிலும் உள்ள பழைய கல், மரம், ஏடு ஆகியவற்றைப் படமெடுத்து ஒரு பதிவேடு செய்யட்டும். ஒரு பிரதியை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்துக்கும் வக்பு சபைக்கும் அனுப்பட்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தரம் 10 பிள்ளைகள் நால்வரும் ஒரு கைப்பேசியும் போதும்.

இரத்தினபுரி மண்ணுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. மாணிக்கக் குழிகளில் இல்லம் தேடியவர்கள் கண்டெடுத்த எலும்புகளை வைத்துத்தான், இந்த நாட்டில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்தன என்று பி.ஈ.பி. தெரணியகல உலகுக்குச் சொன்னார். குழியில் இறங்கியவன் எலும்பை வீசியெறிந்திருந்தால் அந்த அறிவு இல்லை.

அந்த மாணவனின் கல்லுக்கு என்ன ஆயிற்று? வாப்பாவிடம் பேசிவிட்டு இன்னொரு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு போனோம். மண்ணைத் தண்ணீரால் மட்டும் மெதுவாகக் கழுவினோம். மறுபக்கத்தில் பாதிக் குழாய் போன்ற நீண்ட துளைத்தடம் இருந்தது. எங்கள் கணிப்பில் அது ஏதோ பழைய பங்களாவின் படிக்கல், தோட்டம் வந்த பிறகு செதுக்கியது. இருந்தும் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்பம் வாங்கினோம். முடிவு சொல்ல வேண்டியது திணைக்களம்.

அந்தத் தகப்பன் பல இரவு தூங்காமல் பயந்தது, வெள்ளைக்காரத் துரையின் வாசற்படிக்கு. அது பழைய விகாரையின் கல்லாக இருந்திருந்தாலும் நாங்கள் செய்திருக்கக்கூடியது இதையேதான். படிக்கத் தெரியாதவனைக் கல் பயமுறுத்தும். படிக்கத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் பயமுறுத்த முடியாது. "எங்கட கல்லா, அவங்கட கல்லா" என்று கேட்ட அதே மாணவன் வரும் வழியில் வேறொரு கேள்வி கேட்டான்: "சேர், இதைச் செதுக்கினவர் யாராயிருக்கும்?"

வரலாறு படிப்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி போதும். நம் பிள்ளைகள் எல்லோரும் அதைக் கேட்கும் நாளை அல்லாஹ் நமக்குத் தரட்டும்.